சிலந்திக்குக் காதணி விழா

சிலந்தி வாயால்தான் நூல் விடுகிறது என்று, உயிரித் தொழில்நுட்பம் படிக்கப் போன பிறகும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வகுப்பில் கருத்தரங்கு என்று ஒன்று வைத்தபோது கரும்பலகையில் பெரிதாக ஒரு சிலந்தி வரைந்து, அதற்கு உதடு வரைந்து, உதட்டிலிருந்து நூல் இறங்குவதாகக் காட்டினேன். உதடு தனியாக நன்றாக இல்லையே என்று மேலே மெல்லிய மீசை வேறு. "அது பின்னாடி பக்கமா வரும்டா" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இது வேற ஜாதி சிலந்தி" என்று சமாளித்தேன். துறைத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது சிரிப்பினாலா துக்கத்தினாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட என்னை, அடுத்த வாரமே ஒருத்தன் சிலந்தி நூல் ஆராய்ச்சிக் குழுவுக்குக் கூப்பிட்டான்.

"அந்தப் படம் நீயேதான் போட்டியா?"

"ஆமா."

"எங்கயும் பாத்து எழுதலயே?"

"இத எங்கடா பாத்து எழுத முடியும்?"

"அப்ப சரி. நாளைலருந்து லேபுக்கு வந்துடு."

தப்பாக இருந்தாலும் சொந்தத் தப்பாக இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. அவன்தான் நொத்தேர். யார் என்ன வேலை செய்தாலும் அதைச் செய்தது யார் என்று தெரியாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனிதன், புதுச்சேரியில் மட்டும் இல்லை, இந்தப் பூமி உருண்டையிலேயே அவன் ஒருத்தன்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் வீடு வாசல் பத்திரம் எழுதுகிறவரை, பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வழக்கப்படி, பழைய ஆட்கள் நொத்தேர் என்பார்கள். அந்தக் காலத்து நொத்தேர் பத்திரத்தைச் சும்மா நீட்டிக் கையெழுத்து வாங்க மாட்டாராம். விற்கிறவன், வாங்குகிறவன், சாட்சி எல்லாரையும் எதிரே உட்கார வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படிப்பாராம். கேட்டவர்கள் "ஆமாம்" என்று சொன்ன பிறகுதான் பேனா மூடி திறக்குமாம். நம் ஆள் சொல்தா வீட்டுப் பையன். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். வீட்டில் அப்பாவைப் 'பப்பா' என்று கூப்பிடுவான். அந்தப் பப்பாதான் இந்தப் படித்துக் காட்டும் கதையைச் சின்ன வயசில் அவன் காதில் போட்டுத் தொலைத்திருக்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்குக் காக்கா கதை சொன்னார்கள். இவனுக்கு நொத்தேர் கதை. விளைவை நாங்கள் அனுபவித்தோம்.

கல்லூரி வாசல் டீக்கடையில் ஒரு நாள் வடை நன்றாக இருந்தது. நாம் என்ன செய்வோம், இன்னொன்று எடுப்போம். நொத்தேர் எழுந்துபோய் மாஸ்டரிடம், "இந்த வடை யாரு போட்டது?" என்று கேட்டான்.

மாஸ்டர் முகம் வெளுத்தது. "ஏன் தம்பி, எதுனா கெடந்துச்சா?"

"இல்லண்ணே. யாரு போட்டதுன்னு கேட்டேன்."

"நான் போடல. அவன்தான் போட்டான்."

"நான் மாவுதான் ஆட்டனேன்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

நம் ஊரில் 'யார் செய்தது' என்ற கேள்வி ஏதாவது கெட்டுப்போனால்தான் கேட்கப்படும். நல்லதுக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்டுப் பழக்கம் இல்லை. அதனால் நொத்தேர் வாயைத் திறந்தாலே ஊரே கையை உதறிக்கொண்டு ஓடும். நன்றி சொல்ல வந்தவனைப் பார்த்துத் தலைமறைவான ஒரு டீ மாஸ்டரை நான் அன்றுதான் பார்த்தேன்.

இதைவிட மோசம் காதல் கடிதம். ஹாஸ்டல் நண்பன் ஒருத்தனுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். நிலா, கடற்கரை, காந்தி சிலை ஓரம் என்று பிழிந்திருந்தேன். நண்பன் பெருமையாக நொத்தேரிடம் காட்டினான். இவன் படித்துவிட்டு, "எழுத்து பிரபுவோடது. கீழ அத போட்டுடு" என்றான். போட்டுத் தொலைத்திருக்கிறான் அந்த மடையன். 'உணர்ச்சி: நான். எழுத்து: பிரபு.' அந்தப் பெண் கடிதத்தைத் திருப்பி அனுப்பினாள். எழுத்து பரவாயில்லை, உணர்ச்சிதான் போதவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். நண்பன் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. நொத்தேரோடு பேசினான். அவனோடு யாராலும் கோபித்துக்கொள்ள முடியாது. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

சரி, சிலந்திக்கு வருவோம். சிலந்தி நூல் எஃகைவிட உறுதி என்பார்கள். ஆனால் பட்டுப்புழு மாதிரி சிலந்தியைக் கூட்டமாக வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் சிலந்தியின் உடம்பில் நூல் செய்யச் சொல்லும் மரபணுவை மட்டும் எழுதி எடுத்து, ஒரு சாதாரண நுண்ணுயிருக்குள் செருகி, 'நீ செய் பார்க்கலாம்' என்று சொல்வதுதான் எங்கள் திட்டம். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. அந்த மரபணு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதினது மாதிரி இருக்கும். நுண்ணுயிர், 'இதைத்தான் ஏற்கெனவே சொன்னியே' என்று நடுவில் இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு, மீதியை வைத்துக்கொள்ளும். என் ஆசிரியர்கள் என் விடைத்தாளுக்குச் செய்ததும் அதுதான்.

குழுவில் மூன்று பேர். நொத்தேர் தலைவன். நான் இருந்தேன். உண்மையாக வேலை செய்தது தேவகி. கனகசெட்டிக்குளத்துப் பெண். கை நடுங்காது, வாயும் நடுங்காது. முதல் நாளே நான் அசடு வழிந்தேன்.

"மீன்புடிக்கற ஊரு இல்ல? வலை பின்ற கை. அதான் நூலுக்கு நீ கரெக்டா இருக்க."

"எங்கப்பா ஐஸ் ஃபேக்டரில வேல செய்றாரு. எனக்கு ஊசில நூல் கோக்கக்கூட வராது. நீ அந்தத் தட்ட மூடு முதல்ல."

தினமும் சாயங்காலம் லேபைப் பூட்டும் முன் நொத்தேர் கதவுக்குக் குறுக்கே நிற்பான். அன்றைக்கு நடந்ததை உரக்கப் படிப்பான். நாங்கள் எதிரே நிற்க வேண்டும். பொய் சொல்லாமல் "ஆமாம்" சொன்னால்தான் வெளியே போகலாம்.

"இன்னிக்கி கிருமி வளக்கற ஊடகம் காச்சனது தேவகி."

"ஆமாம்."

"தட்டுல ஊத்தனது தேவகி."

"ஆமாம்."

"ஊத்தும்போது தும்மனது பிரபு."

"டேய், அதெல்லாமாடா படிப்ப?"

"தும்மனியா இல்லயா?"

"தும்மனேன்."

"அந்தத் தட்டுல நாளைக்கு வளரப்போறதுல பாதி உன்னுது. உன் பங்க மறைக்கறதுக்கு நான் யாரு?"

தேவகி சிரித்துவிட்டு, "ஆமாம்னு சொல்லுப்பா, எனக்கு நேரமாவுது" என்பாள். நான் "ஆமாம்" என்பேன். ஒரு வருஷம் இப்படியே போனது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தது யார், மூட மறந்தது யார், மறந்ததைப் பார்த்தும் சும்மா போனது யார், எல்லாம் சபையில் படிக்கப்பட்டது. சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் செய்த பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தது மாதிரி இருக்கும். என்ன, அங்கே சாமியார் ரகசியத்தைக் காப்பாற்றுவார்.

தேவகி அந்த நீள மரபணுவை ஒட்டிக் காட்டிய அன்று மட்டும் நொத்தேர் படிக்கவில்லை. "தேவகி" என்றான். அவ்வளவுதான். நாங்கள் "ஆமாம்" என்றோம். லேபைப் பூட்டிவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போனோம்.

அந்த வருஷம் சென்னையில் மாணவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். விதிமுறையில் ஒரு வரி: சுவரில் மாட்டும் போஸ்டரில், குழுவில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று தனித்தனியாக எழுத வேண்டும். அதைப் படித்தபோது நொத்தேர் முகத்தில் வந்த வெளிச்சத்தை, ஈஸ்டர் அன்றைக்குப் பிரியாணி அண்டாவைத் திறக்கும்போது சில முகங்களில் மட்டும் பார்த்திருக்கிறேன். உலகம் கடைசியில் தன் வழிக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அதே வாரம் தேவகியின் அப்பா ஐஸ் ஃபேக்டரியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர் எழுந்து நடக்கும்வரை வீட்டுக்கு வேறு ஆள் இல்லை. தேவகி படிப்பை நிறுத்திவிட்டுச் சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போனாள். மூடி சரியாக மூடுகிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிற வேலை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு அந்தப் புராஜெக்ட்தான் கடைசி வருஷத்து மதிப்பெண். அதில் தேவகி பெயர் இருந்தால், அடுத்த வருஷம் வந்து பரீட்சை மட்டும் எழுதிவிட்டுப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். பெயர் இல்லை என்றால் வருஷம் முழுக்க மறுபடி உட்கார வேண்டும். அவள் வீடு இருந்த நிலையில் அது நடக்காது. அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெயர் இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் மூடி.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்கள் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். "வருகைப் பதிவேட்டுல இல்லாத பொண்ணு பேர எப்படிப்பா போடறது?" என்றார். சொல்லிவிட்டு, காலியான இடத்துக்குக் கௌதமைச் சேர்க்கச் சொன்னார். கௌதம் எங்களுக்கு ஒரு வருஷம் ஜூனியர். தாளாளரின் அக்கா மகன்.

நொத்தேர் கௌதமைத் தேடிப் போனான். நானும் வேடிக்கை பார்க்கக் கூடவே போனேன்.

"கௌதம், எங்க புராஜெக்ட்ல உன் பேரு போடச் சொல்லியிருக்காங்க. நீ என்ன செஞ்ச?"

பையன் நெளிந்தான். "நான் ஒண்ணும் செய்யலண்ணா. மாமா சொன்னாரு."

"ஒண்ணுமே செய்யலயா? நல்லா யோசிச்சிப் பாரு."

"லேப் எங்க இருக்குன்னே தெரியாதுண்ணா."

"நெசத்த சொன்னதுக்கு தேங்க்ஸ். அப்ப அதையே போட்டுடறேன்."

போட்டான். போஸ்டர் ஆங்கிலத்தில், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். 'மரபணுவை வடிவமைத்தது: தேவகி. துண்டுகளை ஒட்டியது: தேவகி. நுண்ணுயிரில் செருகியது: தேவகி. புரதத்தைப் பிரித்தெடுத்தது: தேவகி, நொத்தேர். ஒன்றும் செய்யாதது: கௌதம்.' அவன் நிஜப் பெயரைத்தான் போட்டிருந்தான், நான் வழக்கம்போல நொத்தேர் என்கிறேன். கடைசியில் 'பிரபு:' என்று என் பெயர். எதிரே வெற்றிடம்.

"இன்னாடா இது?"

"ஒனக்கு என்ன போடறதுன்னு யோசிச்சிட்டே இருக்கேன். எடம் விட்டு வச்சிருக்கேன்."

"தும்மனத போடேன்."

"அது வேலைய கெடுத்தது. வேலைக்கி ஒதவனது எதுனா இருந்தா சொல்லு."

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதும் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

சும்மா இருந்தவனுக்குக் கடைசியில் ஒரு வேலை வந்தது. போஸ்டரை அச்சடித்துக் கொண்டுவருவது. எங்கள் வீடு புதுச்சேரியில் சாரம் பகுதியில். தெருமுனையிலேயே ஒரு ஃப்ளெக்ஸ் கடை. ஆகவே நான்தான் பொருத்தமானவன் என்று ஒருமனதாக முடிவானது. துறைத் தலைவர் ஒரு ஃபைல் கொடுத்தார்: மேலே தாளாளர் படம், அவர் படம், பிறகு நொத்தேர், கௌதம், 'மற்றும் குழுவினர்'. தேவகி இல்லை. நான் அந்த 'மற்றும்' என்ற சொல்லுக்குள் எங்கேயோ இருந்தேன். நொத்தேர் இன்னொரு ஃபைல் கொடுத்தான். "இதத்தான் அடிக்கணும்" என்று துறைத் தலைவரும் சொன்னார். "இதத்தான் அடிக்கணும்" என்று நொத்தேரும் சொன்னான். இரண்டு பேரிடமும் "சரி" என்றேன். எனக்கு அந்தக் காலத்தில் தெரிந்த ஒரே பதில் அது.

அந்த வருஷங்களில் புதுச்சேரியில் இருந்தவர்களுக்கு ஃப்ளெக்ஸ் பேனரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, காதணி விழா, எது நடந்தாலும் தெரு அகலத்துக்குப் பேனர் நிற்கும். நடுவில் விழா நாயகன், சுற்றிலும் வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்கள் தலை. ஒரு தலை விட்டுப்போனால் அந்தக் குடும்பம் பந்தியில் உட்காராது. எங்கள் தெருக் கடைக்காரர் இந்தத் துறையில் கரை கண்டவர். ஆனால் அறிவியல் போஸ்டர் என்ற ஜந்துவை அவர் பார்த்ததில்லை. என் பென்டிரைவைத் திறந்து திரையை முறைத்தார்.

"தம்பி, இன்னா விசேஷம்?"

"விசேஷம் இல்லண்ணே. சிலந்தி நூல் பத்தி."

"கீழ பொடி எழுத்துல இருக்கறதெல்லாம் யாரு?"

"வேல செஞ்சவங்க."

"வேல செஞ்சவங்கள இவ்ளோ பொடிசா போட்டா நாளைக்கி சண்ட வரும் தம்பி. நான் எத்தன வூட்டுச் சண்ட பாத்திருக்கேன். ரெண்டு ஃபைல் இருக்கே, எது?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன சொல்லியிருப்பான் என்பதைப் பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். நான் சொன்னது இது: "நீங்களே பாத்து நல்லா வச்சிடுங்கண்ணே." சொல்லிவிட்டு நண்பர்களோடு கடற்கரைக்குப் போய்விட்டேன்.

போட்டி அன்று காலையில் சுருட்டி, கட்டி, தயாராக வைத்திருந்தார். பிரித்துப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சென்னையில் அந்தக் கூடம் முழுக்க வெள்ளை போஸ்டர்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, அடக்கமான படங்கள். ஆஸ்பத்திரிக்குள் வந்த மாதிரி அமைதி. எங்கள் இடத்தில் நானும் கௌதமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அந்தச் சுருளை இறக்கினோம்.

முதலில் தெரிந்தது சூரியக் கதிர். பிறகு இரண்டு அன்னப்பறவை. பிறகு, எங்கள் ஊரில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை உட்கார்ந்திருக்கும் இடத்தில், தாமரை இதழ்களுக்கு நடுவே, எங்கள் சிலந்தி. அதன் தலைக்கு மேல் ஒரு கிரீடம். அதற்கும் மேலே, சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம், நிழல் விழுந்து, கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் தெரிகிற அளவில்: தேவகி. கடைக்காரர் கணக்கு நியாயமானதுதான். 'அந்தப் பொண்ணு பேருதான் அதிக எடத்துல வருது, அப்ப விசேஷம் அந்தப் பொண்ணுக்குத்தான்.' அவளைச் சுற்றி அவள் செய்த வேலைகள் ஒவ்வொன்றும் ஒரு வண்ணத்தில். இரண்டு ஃபைலிலும் இருந்த பெயர்களை ஒன்று விடாமல் சேர்த்திருந்தார், யார் மனசும் நோகக்கூடாது என்று. கௌதம் 'ஒன்றும் செய்யாதது' என்ற பட்டத்தோடு ஒரு மேகத்தின் மேல் இருந்தான். துறைத் தலைவர் படம் கீழே வலது ஓரம், ஒரு வட்டத்துக்குள். பழைய பேனரிலிருந்து அந்த வட்டத்தை எடுத்தவர், அதன் கீழே இருந்த ஒரு சொல்லை அழிக்க மறந்துவிட்டார். 'தாய்மாமன்.'

எங்கள் ஆராய்ச்சி முடிவுகள் தபால்தலை அளவில், கடையின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தன.

கூட வந்திருந்த துறைத் தலைவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கௌதம் பேனரை நிதானமாகப் படித்துவிட்டு, "அண்ணா, எனக்கு மேகம் நல்லா இருக்குண்ணா" என்றான். நான் என் பெயரைத் தேடினேன். இல்லை. பெயருக்கு நேரே ஒன்றும் இல்லாததால் தப்பாக டைப் ஆகிவிட்டது என்று கடைக்காரர் எடுத்துவிட்டாராம். பிற்பாடு சொன்னார்.

நொத்தேர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, திருவிழாவில் தேர் பார்க்கிறவன் மாதிரி நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"யாரு செஞ்சது இது?"

"நான் செய்யலடா" என்றேன்.

நடுவர்கள் வந்தார்கள். முன்னால் வந்த பேராசிரியை அம்மா பேனரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். "ஆரம்பிங்க" என்றார். நொத்தேர் தொண்டையைச் செருமிவிட்டு, மற்றவர்கள் விஞ்ஞானம் பேசுகிற நேரத்தில், பேனரை மேலிருந்து உரக்கப் படித்தான். ஒட்டியது தேவகி. செருகியது தேவகி. ஒவ்வொரு வரிக்கும் பழக்க தோஷத்தில் நானும் "ஆமாம்" என்றேன். இரண்டாவது வரியிலிருந்து கௌதமும் சேர்ந்துகொண்டான்.

"எல்லாம் சரி. இந்த நீள மரபணு நுண்ணுயிருக்குள்ள உடையாம எப்படி நின்னுச்சு? எல்லாருக்கும் அங்கதான் உடைஞ்சி போயிடும்" என்றார் அந்த அம்மா.

துறைத் தலைவர் கண்ணாலேயே நொத்தேரைக் கெஞ்சினார். அவனுக்குப் பதில் தெரியும். எனக்கே தெரியும்.

"அது தேவகி செஞ்சது மேடம். நான் பதில் சொன்னா அது என் பதிலாயிடும்."

"அந்தப் பொண்ணு எங்க?"

"சேதராப்பட்டுல ஷிப்ட்ல இருக்கா. இப்ப அவளுக்கு டீ பிரேக்."

அந்த அம்மா கையிலிருந்த மதிப்பெண் தாளை மூடினார். அவ்வளவுதான், வெளியே அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். "போன் போடுங்க" என்றார்.

என் போனில்தான் ஸ்பீக்கர் நன்றாக இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் துறைத் தலைவர், தன் படத்துக்குப் பக்கத்திலேயே. அந்தப் பக்கம் டம்ளர் சத்தம், ஃபேன் சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். நடுவில் தேவகி.

"யாரு மேடம்? நடுவரா? பிரபு, வெளயாடாத. எனக்கு டீ ஆறுது."

"தேவகி, நான் துறைத் தலைவர் பேசறேம்மா. பதில் சொல்லும்மா."

அந்தப் பக்கம் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். "ஒரே எழுத்த திரும்பத் திரும்ப வச்சாத்தான் மேடம் அது கழட்டி எறியும். ஒரே பொருள் வர்ற மாதிரி வேற வேற எழுத்து இருக்குல்ல, துண்டுக்குத் துண்டு அத மாத்தி மாத்தி எழுதனேன். புரதம் அதேதான் வரும். கிருமிக்கு மட்டும் புதுசா படிக்கற மாதிரி இருக்கும். அப்பறம் கொஞ்சம் குளிர்ச்சியா வளத்தேன். அவசரப்பட்டா ஒடையுது."

அந்த அம்மா அடுத்து ஒன்று கேட்டார். பதில் வந்தது. இன்னொன்று கேட்டார். அதற்கும் வந்தது. நாலாவது கேள்வி பாதியில் சங்கு ஊதியது. "மேடம், சங்கு ஊதிட்டாங்க, போறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

"உங்க மாணவியா?" என்று அந்த அம்மா துறைத் தலைவரிடம் கேட்டார்.

பதிவேடு அவர் கண்முன் வந்திருக்கும். ஆனால் அவர் தலைக்கு மேல் தேவகி என்ற பெயர் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. கூடமே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்" என்றார்.

பரிசு வரவில்லை. அன்னப்பறவைக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? ஆனால் பேனரில் இருந்த பெயர்களை எல்லாம் போட்டி நடத்தியவர்களின் ஆள் ஒருத்தர் அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறார். சில வாரங்களில் சான்றிதழ்கள் வந்தன. தேவகிக்கு ஒன்று. நொத்தேருக்கு, கௌதமுக்கு, தாளாளருக்கு. ஃப்ளெக்ஸ் கடைக்கும் ஒன்று, கடைப் பெயரிலேயே. கடைக்காரர் அதைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். சிலந்தி நூல் ஆராய்ச்சியில் பங்களித்ததற்காக ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குச் சான்றிதழ் இருக்கிறது. எனக்கு இல்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்வார்.

அடுத்த வருஷம் தேவகியின் அப்பா குச்சி ஊன்றி நடக்க ஆரம்பித்தார். தேவகி சான்றிதழோடு பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்தாள். தன் வாயாலேயே "ஆமாம்" சொல்லிவிட்ட பிறகு துறைத் தலைவர் என்ன செய்வார், கையெழுத்துப் போட்டார். அவள் பரீட்சை எழுதினாள். பட்டம் வாங்கினாள். இன்றைக்கு ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் நாலைந்து பேரை மேய்க்கிறாள். அங்கேயும் யாரோ ஒரு தும்முகிறவன் இருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நொத்தேர் பிரான்சுக்குப் போய்விட்டான். எந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்று விசாரிக்கிற அலுவலகம் ஒன்றில் வேலை. இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள் என்று முதல் மாதம் ஆச்சரியமாக எழுதியிருந்தான்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஊரில் எல்லாருக்கும் அவரவர் பங்கைப் படித்துக் காட்டியவனுக்கு, அவன் பங்கை யாரும் படித்துக் காட்டியதில்லை. நான்கூட. இத்தனை வருஷம் அவனைக் கேலி செய்தே பிழைத்தவன் நான், அந்த ஒரு வரியையாவது உரக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: "தேவகியை மறுபடி படிக்க வச்சது நொத்தேர்னு எழுதப்போறேன். ஆமாம்னு சொல்லு."

பதில் உடனே வந்தது.

"பஸ் புடிச்சி வந்தது அவ."